புறவாசலில் தங்கிய இரவு

தென்காசிச் சீமையில், மேற்கே மலை நீலமாய்ப் படுத்திருக்கும் கீழப்பாறை என்ற ஊரில், ஆவணி பிறந்து கொஞ்ச நாள் ஆன ஒரு காலையில், எல்லா ஊர் இரவுகளையும் போல அந்த ஊர் இரவும் பால்வண்டிச் சத்தம் கேட்டதும் கிளம்பிப் போனது. மெடிக்கல் ஷாப் கோமதிநாயகம் வீட்டுப் புறவாசலில் கிடந்த இரவு மட்டும் போகவில்லை. கிணற்றிலிருந்து முருங்கை வரைக்கும், முருங்கையிலிருந்து பின்சந்துக் கதவு வரைக்கும், துவைகல்லும் கொடிக்கயிறும் வேலைக்காரி ஆவுடை இருக்கும் ஓட்டுச்சாய்ப்பு அறையும் உள்ளடங்க, அது தன் நட்சத்திரங்களோடு அப்படியே நின்றது. கறிவேப்பிலை பறிக்கப் போன கோமதிநாயகத்தின் மனைவி சங்கரவடிவு நிலைப்படி தாண்டி ஒரு காலை வைத்தாள், வைத்த காலை எடுத்தாள், உள்ளே போய் டார்ச் லைட்டை எடுத்து வந்து கறிவேப்பிலை பறித்துக்கொண்டு போய்க் குழம்பைத் தாளித்தாள்.

இருட்டு ஏன் வந்தது என்று ஊர் ரொம்ப யோசிக்கவில்லை. கோமதிநாயகம் சில வருஷங்களாகப் புறவாசலில் ஒரு தொலைநோக்கி வைத்திருந்தார். அண்டாவை நீட்டிவிட்டதுபோல ஒரு குழாய், அடியில் எட்டங்குலக் கண்ணாடி, மரப்பெட்டியில் உட்கார்ந்து கையால் தள்ளினால் திரும்பும். மகள் செண்பகம் கல்யாணமாகி ஓசூர் போன பிறகு, கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு, மனுஷர் பொழுது சாய்ந்தால் அதோடுதான் இருப்பார். சந்திரனும் சனியும் அவருக்கு வேண்டாம். அதெல்லாம் நேரே தெரிகிற சாமான். தூரத்தில், கணக்குக்கு அடங்காத தூரத்தில், கண்ணாடியில் மூச்சு விட்டாற்போல ஒரு மங்கலாய்ப் படிந்திருக்கும் நட்சத்திரக் கூட்டங்கள்தான் வேண்டும். பஸ் ஸ்டாண்டில் ஹைமாஸ் விளக்கு போட்டதிலிருந்து அவை ஒவ்வொன்றாய்க் கரைந்து போயின. இவ்வளவு வெளிச்சத்தில் எதைப் பார்க்க, எங்கே போய் இருட்டைத் தேட என்று அவர் முருங்கை மரத்திடம் புலம்பாத நாளில்லை. கேட்டுக் கேட்டு இரவுக்கே இரக்கம் வந்திருக்கும் என்று சொன்னார்கள். அதற்கு மேல் கேள்வி இல்லை.

கவுன்சிலர் வந்தார். பாதி உடம்பு வெயிலிலும் பாதி இருட்டிலுமாகக் கொஞ்ச நேரம் நின்று பார்த்து, இது நம் வார்டில் அடங்குமா என்று விசாரித்துவிட்டுப் போனார். கரண்ட் ஆபீசிலிருந்து ஒருவர் வந்து, எங்கள் பக்கம் கோளாறு எதுவும் இல்லை என்றார். எதிர்வீட்டு எபனேசர் வாத்தியார், எகிப்து தேசத்தில் மூன்று நாள் இருட்டு இருந்ததாக வேதத்தில் இருக்கிறது, நம் ஊரில் கொஞ்சம் கூட இருக்கும் போலிருக்கிறது என்று சொல்லி, மாலையில் தன் வீட்டு அந்திமந்தாரைத் தொட்டியைக் கொண்டுவந்து உள்ளே வைத்தார். அது அன்றிலிருந்து மூடாமல் பூத்தது. சந்திலிருந்த கோழிகள் உள்ளே போய் அடைந்துகொண்டு முட்டை வைப்பதை மறந்தன. ஒற்றைத் தலைவலிக்காரர்கள் வந்து கண்ணைத் திறந்தபடி படுத்துக் கிடந்தார்கள். இரவெல்லாம் விழித்துப் பகலில் சிணுங்கும் பிள்ளைகளைத் தாய்மார் கொண்டுவந்து, தோளில் போட்டு இரண்டு நடை நடந்ததும், பிள்ளைகள் தூங்கின. சங்கரவடிவு கொடிக்கயிற்றை மொட்டைமாடிக்கு மாற்றினாள். ஆவுடை எதையும் மாற்றவில்லை. துவைகல் இருக்கும் இடமும் கிணற்றுச் சுவர் முடியும் இடமும் அவள் காலுக்குத் தெரியும். எப்போதும்போல இருட்டில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்து, வெளிச்சத்தில் கொண்டுவந்து கவிழ்த்தாள்.

பிறகுதான் மற்றவர்கள் வர ஆரம்பித்தார்கள். அவர்கள் முன்வாசல் வழியாக வரவில்லை, பின்சந்துக் கதவு வழியாக வந்தார்கள். வந்து, சுவரில் சாய்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். காதலித்துப் போன மகளைச் செத்துவிட்டாள் என்று சொல்லி மொட்டையடித்துக்கொண்ட ஒருவர் வந்தார். மகள் அடுத்த ஊரில் தையல் கடை வைத்திருந்தாள். படுக்கையில் கிடந்த மாமியாருக்குத் தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்காமல் ஒரு மத்தியானம் சீரியல் பார்த்த ஒருத்தி வந்தாள். கையில் சிக்கிய பையனை அடித்துக் காதைச் செவிடாக்கிய ஏட்டு வந்தார், சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு. வெளிச்சத்தில் எங்கேயாவது ஒரு மூஞ்சியைப் பார்த்துத்தானே ஆக வேண்டும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. மறைவுக்குப் போய்ட்டு வாறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வருவார்கள், எந்த மறைவு என்று வீட்டில் கேட்கமாட்டார்கள். பெயர் கேட்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. சந்துக் கதவிலிருந்து அவர்களைக் கைபிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்து, செம்பில் தண்ணீர் கொடுப்பது ஆவுடைதான். அந்தக் கை சொரசொரப்பாக, சூடாக இருக்கும். கல்லு இருக்கு, பையக் காலை வைங்க என்று சொல்லும் குரல் கனமாக இருக்கும். இருட்டில் அவளை அம்மா என்றார்கள், அக்கா என்றார்கள். அவளுடைய உதட்டிலும் விரல்களிலும் கழுத்திலும் படர்ந்திருந்த வெள்ளைத் திட்டுகள் அங்கே யாருக்கும் தெரியவில்லை. தெரிகிற இடத்திலும் அவள் அவற்றை ஒருநாளும் மூடியதில்லை.

வந்தவர்களைச் சும்மா உட்கார வைப்பது கோமதிநாயகத்துக்கு மரியாதையாகப் படவில்லை. வீட்டுக்கு வந்தவருக்குக் காப்பி கொடுப்பதுபோல, ஒரு கேலக்ஸி பாக்குதேளா என்று கேட்பார். அந்த இருட்டுக்குள் சூரியன் நுழையவில்லை என்றாலும் வானம் அதன் கணக்குப்படி திரும்பிக்கொண்டுதான் இருந்தது. ஆவணி மாசத்தில் சூரியன் தன் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கும் சிம்ம ராசி, ஊரெல்லாம் மத்தியானச் சோறு வடிக்கிற நேரத்தில் புறவாசலில் உச்சிக்கு வந்து நின்றது. சிங்கத்தின் பின்தொடைப் பக்கம் மூன்று நட்சத்திரக் கூட்டங்கள் பக்கம் பக்கமாக உண்டு. இரண்டு கொஞ்சம் தெம்பானவை. மூன்றாவது விளிம்பு காட்டி நிற்பது, சாம்பலைக் கோடாய் இழுத்ததுபோல, அவ்வளவு மங்கல். நேராகப் பார்த்தால் எதுவும் இருக்காது. அதைப் பார்க்காமல் அதற்குப் பக்கத்தில் பார்க்க வேண்டும், பார்வையைக் கொஞ்சம் விலக்கிக்கொள்ள வேண்டும், அப்போது ஓரக்கண்ணில் அது தானாக வந்து நிற்கும். கண்ணின் குணம் அப்படி. இது பழகவே ஆட்களுக்கு மாசக்கணக்காகும். தலைவலிக்காரர்களும் பிள்ளை தூக்கி வந்த தாய்மாரும் எவ்வளவு சொல்லியும் ஒன்றும் தெரியவில்லை என்றே போனார்கள். ஆனால் சந்துக் கதவு வழியாக வந்தவர்கள், ஒருவர் பாக்கியில்லாமல், கண்ணை வைத்த மாத்திரத்தில், அவர் சொல்லிக் கொடுக்கும் முன்னாலேயே, மூன்றும் தெரிகிறது என்றார்கள்.

முதலில் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் ஆச்சரியமாக இருந்தது. ஒருநாள் ஏட்டு கண்ணை எடுத்துவிட்டு, நேராப் பாக்காம இருக்கதுதான சார், அது நமக்குப் பழக்கந்தான என்று தணிந்த குரலில் சொன்னபோது, கோமதிநாயகத்துக்குக் காரணம் விளங்கியது. தொலைநோக்கி வாங்கிய முதல் நாளே அவருக்கும் எல்லாம் தெரிந்தது. மதுரையில் வானம் பார்க்கிற சங்கத்தார், உங்களுக்கு அபூர்வமான கண் என்று கை குலுக்கினார்கள். வீட்டுக்குள் ஒரு முகத்தை நேராகப் பார்க்காமல் முப்பது வருஷத்துக்குக் கிட்டப் பழகிய கண் அது என்று அவர்களுக்குத் தெரியாது.

ஆவுடை வேலைக்காரி இல்லை. அவருடைய கூடப்பிறந்த அக்காள்.

அப்பனும் ஆத்தாளும் அடுத்தடுத்துப் போன வீட்டில், தம்பியை வளர்த்தது அவள். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு விடிந்ததிலிருந்து பீடி சுற்றினாள், சுற்றிச் சுற்றி அவரை மருந்தாளுநர் படிப்பு படிக்க வைத்தாள். அந்த வருஷங்களில்தான் உதட்டோரம் வெள்ளை விழுந்தது. தன் ஊரில் கடை வைத்தால் ஓடாதென்று தம்பி சொல்ல, அவர்கள் கீழப்பாறைக்கு வந்தார்கள். கடை ஓடியது, இவர்கள் யார் என்று ஊர் விசாரிக்கும் முன்பே பெண் கொடுக்க ஆள் வந்தது. அம்பாசமுத்திரத்திலிருந்து சங்கரவடிவின் அப்பாவும் மாமன்மாரும் வீடு பார்க்க வந்து உட்கார்ந்திருந்தபோது, ஆவுடை தட்டில் கேசரியும் காப்பியும் கொண்டுவந்தாள். அவளுடைய விரல்களைப் பார்த்துப் பெண்ணின் அப்பா கையை நீட்டாமல், இது யாரு என்று கேட்டார்.

குடும்பத்தில் வெள்ளை இருக்கிறது என்றால் எழுந்து போய்விடுவார்கள் என்று கோமதிநாயகத்துக்குத் தெரியும். கடையில் தினமும் அவரே பத்துப் பேருக்குச் சொல்வார், அது தொற்றாது, குஷ்டம் இல்லை, பயப்படாதீர்கள் என்று. அன்றைக்கு அந்த வாயால், வீட்டு வேலைக்கு இருக்காங்க என்றார்.

தம்ளரைக் கீழே வைக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம்தான் ஆவுடை நின்றாள். அப்புறம் தம்பியின் பக்கம் திரும்பி, "அய்யா, சீனி போதுமான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் கல்யாணம் நடந்தது. நாத்தனார் போட வேண்டிய முடிச்சை யாரோ தூரத்து முறைப்பெண் போட்டாள், ஆவுடை மண்டபத்து அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள். தாலி ஏறியதும் சொல்லிவிடலாம் என்றிருந்தார், தலைதீபாவளி கழியட்டும் என்றிருந்தார், பிள்ளை பிறக்கட்டும் என்றிருந்தார். பிள்ளை பிறந்தது, அதைக் குளிப்பாட்டி வளர்த்தது ஆவுடை. பிள்ளை அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. அவள் தன் படுக்கையைப் புறவாசல் அறைக்குக் கொண்டுபோனாள், தன் தம்ளரைத் தனியாக ஆணியில் மாட்டிக்கொண்டாள், கடைத்தெருவில் யாராவது கேட்டால் அய்யா வீட்டில் இருக்கேன் என்று முந்திக்கொண்டு சொன்னாள். தம்பிக்கு அவள் செய்த காரியங்களில் இதைத்தான் பெரிய காரியம் என்று நினைத்திருந்தாள். பீடி சுற்றியதைவிடப் பெரிது, யாராலும் செய்ய முடியாதது, ஒரு ஓட்டை விழாமல் காத்து வந்தது. அதனால் அவளுக்குக் குனிய வேண்டியிருக்கவில்லை. அவள் எல்லாரையும் நேராகப் பார்த்தாள். அவளைப் பார்க்க முடியாதவர் அவர்தான்.

ஆவணி கடைசியில் ஒரு மத்தியானம், கோமதிநாயகம் சிங்கத்தின் மூன்றையும் குறி வைத்துவிட்டு, அடுத்தவங்க வாங்க என்றார். இருட்டில் யாரோ எழுந்து வந்தார்கள், வளையல் குழாயில் பட்டது, கண்ணை வைத்த உடனே ஒரு குரல், "மூணும் தெரியுது" என்றது. அது சங்கரவடிவின் குரல்.

அவர் பிடித்திருந்த குழாயை விட்டுவிட்டார். அங்கே யாரும் எதையும் கேட்பதில்லை, அவரும் கேட்கவில்லை. ஊரார் ஒவ்வொருவராகச் சந்துக் கதவு வழியாகப் போன பிறகு, அடுப்படியில் அவள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றார். உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார். அவள் கையை நிறுத்தவில்லை. செண்பகம் பிறந்த வருஷம் ஆவுடைக்கு டைபாய்டு வந்து புரண்டு கிடந்தாளே, அப்போது ராத்திரி முழுக்கக் கோமதிக்குச் சோறு வெச்சியா, கோமதி பள்ளிக்கூடம் போனானா என்றே பிதற்றினாள், அன்றைக்கே தெரியும் என்றாள்.

"இத்தனை வருஷம் ஏன் கேக்கல நீ?"

சங்கரவடிவு களைந்த தண்ணீரை ஊற்றினாள், திரும்பவும் தண்ணீர் பிடித்தாள். "மதினின்னு கூப்பிட்டுட்டா, அப்புறம் பாத்திரத்தை யாரு தேய்க்க?" என்றாள். சொல்லிவிட்டு, அதையே தான் வேறு யாரோ சொல்லக் கேட்டதுபோல, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்று இரண்டு பேருமாகப் புறவாசலுக்குப் போனார்கள். சங்கரவடிவு டார்ச்சை எடுக்கவில்லை. மறைவுக்கு வந்திருந்த ஒன்றிரண்டு பேர் சுவரோரம் இருந்தார்கள். ஆவுடை துவைகல்லுக்குப் பக்கத்தில் புளி போட்டு வெண்கலம் விளக்கிக்கொண்டிருந்தாள். கோமதிநாயகத்துக்கு அப்போதுதான் உறைத்தது: ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் வா வா என்று காட்டியாயிற்று, அவளை ஒருமுறை கூப்பிட்டுக் காட்டவில்லை. கை கழுவிட்டு வா, இதைப் பாரு என்றார். அவள் வந்து, அவர் காட்டிய இடத்தில் கண்ணை வைத்தாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள்.

ஒன்றும் தெரியவில்லை, வெறும் இருட்டாக இருக்கிறது என்றாள்.

நேராகப் பார்க்காதே, கொஞ்சம் பக்கத்தில் பார், பார்க்காத மாதிரி பார் என்று அவர் சொல்லிக் கொடுத்தார். அவள் முயற்சி பண்ணினாள். பிறகு நிமிர்ந்து, கோபமில்லாமல், நிஜமாகவே விளங்காமல் கேட்டாள்:

"ஒண்ணைப் பாக்கணும்னா அதைத்தான அய்யா பாக்கணும்? பக்கத்துல எதுக்குப் பாக்கணும்?"

சுவரோரம் இருந்தவர்கள் மூச்சை நிறுத்திக்கொண்டதை அவரால் கேட்க முடிந்தது. அவர் இருட்டில் கையால் துழாவி அவளுடைய ஈரக் கையைப் பிடித்து, "யக்கா" என்றார்.

அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. "இங்கன எல்லாரும் என்னை அக்கான்னுதான் கூப்பிடுதாங்க" என்றாள். "வெளிய போனா ஆவுடைதான்." அப்புறம் மறுபடி துவைகல்லுக்குப் போய் உட்கார்ந்தாள், தேய்க்கிற சத்தம் கேட்டது.

மறுநாள் காலையில், பள்ளிக்கூட வேன் வந்து போய், காய்க்காரி பேச்சியம்மாள் கூடையை இறக்கி, தெருப் பெண்கள் சுற்றி நின்று கத்தரிக்காயை நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், கோமதிநாயகம் அக்காளைப் புறவாசலிலிருந்து வீட்டுக்குள்ளாகக் கூட்டிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தார். எதற்கென்று அவள் கேட்டாள், வா என்றார். வெயில் கண்ணைக் குத்தியது. எபனேசர் வாத்தியார் எதிர்ப்புறம் நாற்காலி போட்டுப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். கோமதிநாயகம் இரவு முழுக்க யோசித்து வைத்த வார்த்தைகளெல்லாம் போய்விட்டன. எல்லாரும் கேளுங்க என்றுகூடச் சொல்ல வரவில்லை. அவள் தோளில் கையை வைத்து, "இது எங்க அக்கா. கூடப்பிறந்த அக்கா. வேலைக்காரின்னு நான் பொய் சொன்னேன்" என்றார்.

துப்புவார்கள் என்று நினைத்திருந்தார். கைகொட்டிச் சிரிப்பார்கள் என்றும் நினைத்திருந்தார். பேச்சியம்மாள் தராசைக் கீழே வைத்தாள். கத்தரிக்காய் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் கத்தரிக்காயையே பார்த்தார்கள். எபனேசர் வாத்தியார் பேப்பரை நாலாக மடித்து மடியில் வைத்து, மெதுவாக, ஒரு நோயாளியிடம் பேசுவதுபோலச் சொன்னார்.

"தெரியும் நாயகம். எல்லாருக்கும் தெரியும். நீங்க இங்க வந்த ரெண்டாவது வருஷம் உங்க ஊர்க்காரர் ஒருத்தர் வந்தாரு. ஆவுடை தம்பி கடை எதுன்னு பஸ் ஸ்டாண்டுல இருந்து கேட்டுக்கிட்டே வந்தாரு. நாங்கதான் வழி காட்டினோம்."

நீங்கள் சொல்லாதபோது நாங்கள் என்னத்தைக் கேட்க என்று பேச்சியம்மாள் சேர்த்துக்கொண்டாள். ஒருத்தி ஆமாம் என்று தலையை ஆட்டினாள். மறைவுக்கு வருகிறவர் ஒருவர், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர், நின்று கேட்டுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போனார். புறவாசலில் ஒரு இரவு தங்கிவிட்டபோது அதற்குப் பக்கத்திலேயே கோழி அடைத்துப் பிள்ளை தூங்க வைத்துப் பழகிக்கொண்ட ஊர், இதற்கும் அப்படித்தான் என்றைக்கோ பழகிக்கொண்டிருந்தது.

கோமதிநாயகம் தன் வெட்கத்தில் அக்காளை மறந்திருந்தார். அவள் கேட்ட பிறகுதான் திரும்பினார்.

"எல்லாருக்குமா?" என்று கேட்டாள் ஆவுடை.

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தினமும் பார்க்கிற முகங்கள். இவர்களிடம்தான் முந்திக்கொண்டு அய்யா வீட்டில் இருக்கேன் என்று சொன்னது, இவர்களுக்கு முன்னால்தான் தம்பியை அய்யா, வாங்க, போங்க என்றது, பண்டிகைக்குத் தம்பி பெண்டாட்டியிடம் பழைய சேலையை இரண்டு கையால் வாங்கியது. அவர்கள் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டு, தெரிந்துகொண்டே, போயிருக்கிறார்கள். ஓட்டை விழாமல் காத்தது எதுவும் இல்லை. ஊரெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க அவள் வேலைக்காரி வேஷம் போட்டிருக்கிறாள். அவளுடைய பார்வை பேச்சியம்மாளின் முகத்திலிருந்து கூடைக்கு இறங்கியது, கூடையிலிருந்து தரைக்கு இறங்கியது. பிறகு அவள் ஒருநாளும் செய்யாத காரியத்தைச் செய்தாள்: முந்தானையை இழுத்து இரண்டு கைகளையும் அதற்குள் மூடிக்கொண்டாள்.

யாரையும் பார்க்காமல் திரும்பி, வீட்டுக்குள் நுழைந்து, கூடம் தாண்டி, அடுப்படி தாண்டிப் புறவாசல் இருட்டுக்குள் போனாள். கல்லெல்லாம் தெரிந்த கால் அன்றைக்குக் கிணற்றுச் சுவரில் இடித்தது, அந்தச் சத்தம் முன்வாசல் வரைக்கும் கேட்டது.

கோமதிநாயகம் பின்னாலேயே ஓடினார். சங்கரவடிவும் வந்தாள். மதினி என்று கூப்பிட வாயெடுத்து, அந்த வார்த்தைக்கு இனி என்ன மதிப்பு என்று தோன்ற, நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். மதியம் ஆனது, சிங்கம் உச்சிக்கு ஏறியது. ஆவுடை துவைகல்லில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். இனி நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன், கடையில் வந்து உட்காரு, முன்னறையில் படுத்துக்கோ என்று அவர் என்னென்னவோ சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது வாடிக்கையாளருக்கு மருந்து எடுத்துக் கொடுப்பதுபோல இருந்தது, நிறுத்திக்கொண்டார். கை வேறு என்ன செய்வது என்று தெரியாமல், பழக்கத்தில், குழாயைத் தள்ளி சிங்கத்தின் மேல் வைத்தது.

அந்த மரப்பெட்டி கிறீச்சிடும் சத்தத்துக்கு அவள் எழுந்து வந்தாள். அவரை விலக்கிவிட்டுக் கண்ணை வைத்தாள். அவர் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"தெரியுது" என்றாள் ஆவுடை. கொஞ்சம் பொறுத்து, "மூணு இருக்கு. ஒண்ணு கோடு மாதிரி" என்றாள்.

உலகத்தில் எவ்வளவோ பேருக்கு அதைக் காட்டியிருக்கிறார், தெரிகிறது என்று ஒருவர் சொல்லும்போது அவருக்குள் ஒரு பூ மலரும். இப்போது அவர் இருட்டில் தலையில் அடித்துக்கொண்டார், சத்தம் வராமல். அவள் கேட்டிருந்தாளே, பக்கத்தில் எதற்குப் பார்க்கணும் என்று. நேற்று வரைக்கும் ஊரில் அப்படிக் கேட்க ஒரு ஆள் இருந்தது.

அவள் கண்ணை எடுக்கவில்லை. வானம் நகர்ந்துகொண்டே இருக்கும், அதனால் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் பார்க்கிறவருக்கு அது நிற்கும். அவர் தள்ளிக்கொடுத்தார். அவள் பார்த்தாள். சந்துக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது, யாரோ வந்து, கைபிடித்துக் கூட்டிப்போக ஆளில்லாமல், தட்டுத்தடுமாறிச் சுவரோரம் உட்கார்ந்தார்கள். சங்கரவடிவு நிலைப்படியிலிருந்து இறங்கி, துழாவித் துழாவித் துவைகல்லைக் கண்டுபிடித்து, கிடந்த பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பித்தாள். கோமதிநாயகத்துக்கு முழங்கை கடுத்தது. கண் நிறைந்து போனதில் எங்கே தள்ளுகிறோம் என்று தெரியாமல் ஒரு கணம் கை நின்றது.

"ஏலே கோமதி, நகருது பாரு" என்றாள் ஆவுடை, கண்ணை எடுக்காமல். "பைய தள்ளு."